காயத்தை மட்டும் பாரு

“ஆளைப் பாக்காதே மைக்கேல், காயத்தை மட்டும் பாரு. அதுக்குத்தான் துணியில ஓட்டை வச்சிருக்கு” என்றார் டாக்டர் பெரியநாயகி, மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தபடி.

பச்சைத் துணியின் ஓட்டை வழியே ஒரு புறங்கை தெரிந்தது. விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மருத்துவ மாணவன் மைக்கேல்ராஜ் ஊசியைக் கையில் எடுத்தான். இதுவரை அவன் தைத்துப் பழகியதெல்லாம் கறிக்கடை ஆட்டுத்தோலில்தான்.

எழுபத்தேழாம் வருஷத்துப் புயல் முந்தின நாள்தான் கரையேறியிருந்தது. திருமலைராயன்பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி ஆகியிருந்தது. காரைக்காலுக்குப் போகும் ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. வகுப்பறை மூலையில் எட்டு வயது அமீர் நிஷா, நெற்றி பிளந்து உம்மா மடியில் கிடந்தாள். விழுந்த தகரக் கூரையைத் தூக்கி அவளை வெளியே இழுத்தது டாக்டர்தான்.

“பச்சையா எப்படி மேடம் குத்துறது? மருந்து போட்டுடலாமே.”

“மரத்துப்போற மருந்து ஒரு குப்பிதான் மிச்சம். அது பிள்ளைக்கு.”

“என் கை நடுங்குது மேடம்.”

“இன்னிக்கு இருக்கறது உன் கை ஒண்ணுதான். முதல்ல இதைத் தை. அடுத்து அந்தப் பிள்ளை நெத்தி.”

சூசையப்பரை நினைத்துக்கொண்டு குத்தினான். ஊசி நேரே இறங்கட்டும், மணிக்கட்டைச் சுழற்றி வெளியே எடு, முடிச்சை ரொம்ப இறுக்கினால் தோல் செத்துவிடும் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே பேச்சு நின்றது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

துணிக்கடியில் இருந்த கை இம்மிகூட அசையவில்லை. மனுஷப் பிறவிக்கு இப்படி ஒரு பொறுமை உண்டா என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்தால் ஊசி நின்றுவிடும்.

எந்த இடத்தில் நடுக்கம் விட்டது என்று தெரியவில்லை. கடைசி முடிச்சு போடும்போது கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

டாக்டர் எட்டிக் குனிந்து தையலைப் பார்த்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“இடைவெளி ஒரே மாதிரி விழுந்திருக்கு. தழும்பு தெரியாது. போ, அவளுக்கும் இதே மாதிரி போட்டுவிடு.”

சொல்லிவிட்டு டாக்டர் பெரியநாயகி பச்சைத் துணியை விலக்கி, தகரம் கிழித்த தன் வலது கையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார்.