மறைந்த அம்மாவின் சூப்

“நேயர்களே! மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு, இவ்வளவு முக்கியமான நாள் இன்றுதான்! ‘கரண்டிச் சக்கரவர்த்தி’ இறுதிச் சுற்று! இன்று ஒரு கரண்டி, சரித்திரத்தையே கிளறப் போகிறது!”

தொகுப்பாளர் முழங்கி முடித்த பிறகுதான் மைக்கில் பேட்டரி இல்லை என்பது தெரிந்தது. சரித்திரம் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கிளறப்படக் காத்திருந்தது.

அந்த இடைவெளியில் மேக்கப் அறைக்குள் வந்தார் இயக்குநர். இறுதிப் போட்டிக்கு வந்துவிட்ட ‘சூப் அக்கா’ கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அலுவலக கேண்டீன் ஒன்றில் சமைத்துக்கொண்டிருந்தவளுக்கு நேயர்கள் வைத்த பெயர் அது.

“அக்கா, இன்னைக்குக் கிளிசரின் வேணாம். நிஜக் கண்ணீர் வரணும். ஃபைனல் பாருங்க.”

“வர மாட்டேங்குதே சார். எங்கம்மா உயிரோட இருக்கும்போது எப்படி வரும்?”

“மெதுவா! மெதுவா!” இயக்குநர் பாய்ந்து கதவைச் சாத்தினார்.

மூன்று மாதம் முன்பு, முதல் சுற்றிலேயே அவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். “ரொட்டி சுடுற அம்மாவுக்கு வீடு எரிஞ்சு போச்சு. கேக் தம்பிக்கு அப்பா இல்ல. உங்க வீட்ல ஒருத்தர்கூடச் சாகலையா? வெறும் சமையலை வச்சுக்கிட்டு நான் என்ன நிகழ்ச்சி பண்றது?”

வீட்டில் கூடிப் பேசினார்கள். புருஷன், “என்னால முடியாது, எனக்கு ஆபீஸ் இருக்கு” என்று கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாதான் முன்வந்தாள். “நான் இருந்து என்னத்தைக் கிழிச்சேன்? என்னையே போட்டுடு.”

அன்றிலிருந்து எந்தச் சூப் வைத்தாலும் அது மறைந்த அம்மாவின் சூப்.

“எங்கம்மா வாசப்படி தாண்டி மூணு மாசமாச்சு சார்.”

“தாண்டக் கூடாதுன்னுதானே பேச்சு? யாராவது பார்த்துப் படம் எடுத்துப் போட்டா உங்க கதை, என் வேலை எல்லாம் காலி.”

“நேத்துலேருந்து நெஞ்சை அடைக்குதுங்கிறாங்க. அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க. ‘செத்துப் போனவ போய் எப்படிடா வரிசையில நிக்கிறது’ன்னு கேக்கிறாங்க.”

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். “இவ்வளவு நல்லா பேசுறவங்களையா சாகடிச்சோம்!”

“சார், ஜெயிச்சாலும் தோத்தாலும் இன்னைக்கு மேடையிலேயே உண்மையைச் சொல்லிடுவேன். சொல்லிட்டு நேரா அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

“தாராளமா! கோப்பையை வாங்கின கையோட அம்மாவுக்கு உயிர் குடுத்துடலாம். இப்ப போனைக் கூடையில போடுங்க.”

படப்பிடிப்பு முடியும்வரை எல்லோருடைய போனும் அந்தப் பிளாஸ்டிக் கூடையில்தான் கிடக்கும். கூடைக்குக் காவல், அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த உடை உதவியாளர். நிகழ்ச்சியை வீட்டில் ஒன்றுவிடாமல் பார்த்தவள். இயக்குநர் கதவைத் திறந்ததும் கூடையோடு உள்ளே வந்தவள், சூப் அக்காவின் கையை ஆசையோடு பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க உங்கம்மாவைப் பத்திச் சொன்ன அன்னைக்கு எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கலை.”

சூப் அக்கா இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார்.

“எல்லாம் அவங்க ஆசீர்வாதம், தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அவள் மேடைக்குப் போனாள்.

பூசணிக்காய்ச் சூப் கொதித்து இறங்கியது. பிறகு விளக்குகளைச் சரிசெய்தார்கள். பிறகு நடுவரின் முடியைச் சரிசெய்தார்கள். நடுவருக்கு ‘நாவரசர்’ என்று பட்டம். அதைக் கொடுத்துக்கொண்டவரும் அவர்தான். அவர் கரண்டியைத் தூக்கியபோது சூப் சில்லிட்டு ஏடு கட்டியிருந்தது.

நாவரசர் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, உடல் குலுங்கினார்.

“இந்தச் சூடு... இது அடுப்பின் சூடு அல்ல. தாய் மடியின் சூடு!”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கேமரா அந்தப் பக்கம் திரும்பியதும், மேசைக்கடியில் இருந்த வாளியில் தாய் மடியைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

சூப் அக்காவுக்குக் கண்ணீர் வரவில்லை. கடைசியில் கிளிசரின்தான் காப்பாற்றியது. அவளே ஜெயித்தாள். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

“ஒரு உண்மையைச் சொல்லணும். எங்கம்மா...”

“ஆம்! அம்மா வானத்திலிருந்து வாழ்த்துகிறார்!” என்று தொகுப்பாளர் குறுக்கே பாய்ந்தார். இசை அதிர்ந்தது. மேலிருந்து கலர் காகிதம் கொட்டியது.

“சார், சொல்லலாம்னீங்களே!”

“அடுத்த சீசன்ல சொல்லிக்கலாம்கா! பேக்கப்!” என்று கத்தினார் இயக்குநர்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சூப் அக்கா கூடையை நோக்கி ஓடினாள். யார் பார்த்தால் என்ன, அம்மாவை இப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட வேண்டும்.

“போனைக் குடு தங்கச்சி, சீக்கிரம்!”

“உங்க அண்ணன் விடாம கூப்பிட்டுட்டே இருந்தாருக்கா. நீங்க சூப்பைக் கிளறிட்டிருந்தீங்க, நான்தான் எடுத்துப் பேசினேன். பாவம், மனுஷன் இன்னும் அதுலேருந்து மீளவே இல்லை.”

“எதுலேருந்து? என்ன சொன்னாரு?”

“‘அம்மா போயிட்டாங்க’ன்னு ஒரே அழுகை. ‘தெரியும்ணே, நாங்களும்தான் மூணு மாசமா அழுதுட்டிருக்கோம், மனசைத் தேத்திக்கோங்க’ன்னு சொல்லி வச்சுட்டேன்.”

சூப் அக்காவுக்கு நிஜக் கண்ணீர் வந்தது.

கேமராக்களை உறையில் போட்டுவிட்டதால் அது பதிவாகவில்லை.