ஒவ்வொரு கதவாக

இடிக்கப்போகும் பதினான்கு மாடிக் கட்டடத்தின் தூண்களில் வெடி வைத்து முடித்த சவரிமுத்து, வழக்கம்போல ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே படியிறங்கினார். அவருக்குப் பேச்சுத்துணை, காதில் ஒலிக்கும் இயந்திரக் குரல் மட்டும்தான்.

"உள்ளே ஆள் எண்ணிக்கை பூஜ்யம். யாருக்காகத் தட்டுகிறீர்கள்?"

"என் மனசுக்காகத்தான். உனக்கென்ன, கை வலிக்குதா?"

நான்காம் மாடியில் ஒரு கதவு திறந்தது. பனியனோடு ஒரு பெரியவர் நின்றார். சவரிமுத்து ஓரடி பின்வாங்கினார்.

"ஐயா, காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரலியா?"

"செத்தவனுக்கு யாருப்பா நோட்டீஸ் அனுப்புவான்? என் பேரைத் தப்பா இறந்தவங்க பட்டியல்ல ஏத்திட்டாங்க. அதுலேர்ந்து லிஃப்ட்கூட எனக்கு நிக்கிறதில்ல. இந்தக் கதவை ஒருத்தர் தட்டி ஒரு வருசமாச்சு."

"பதிவேட்டின்படி அவர் இறந்துவிட்டார்," என்றது குரல். "கீழே வந்து பொத்தானை அழுத்துங்கள்."

சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு, காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"வாங்கய்யா. கீழே என் டிபன் பாக்ஸ்ல நாலு இட்லி இருக்கு, ஆளுக்கு ரெண்டு."

பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் கதவைப் பூட்டினார். பிறகு படியருகே தயங்கி நின்றார்.

"இன்னும் மூணு மாடி இருக்கே. எதிர் வரிசையை நான் தட்டுறேன்ப்பா," என்றார்.