இருபத்தேழாவது படம்

"இவங்க கோட்டைப் பாருங்க. தோள்ல ஒரு சுருக்கம் இல்ல. தைச்சவன் கைகாரன்" என்றார் தையற்காரர், திரையில் வரிசைகட்டி நின்ற பெங்குவின்களைக் காட்டி.

எங்கள் மலையேற்றக் குழு சிரித்தது. வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நூலகத்தின் மாடி அறையில் முப்பது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. தென்துருவக் கடலுக்குப் போய்வந்ததை எங்களுக்குக் காட்ட வேண்டுமென்று அவராகவேதான் கேட்டிருந்தார்.

அவர் குழுவில் உறுப்பினர் இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். குளிர் ஆகாது. கப்பலில் முதல் நான்கு நாள் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையாம்.

அதையும் சிரிப்பாகவே சொன்னார்.

பனித்திட்டில் புரண்டு கிடந்த யானைச் சீல் என்ற பெருத்த கடல்விலங்குக்கு இடுப்பளவு எடுக்க இரண்டு டேப்பை முடிச்சுப் போட வேண்டும் என்றார். கப்பலை விடாமல் தொடர்ந்த பெரிய வெள்ளைப் பறவை வந்தது. பிறகு திமிங்கிலத்தின் வால், பாதி மட்டும். மீதியை அவருடைய விரல் மறைத்திருந்தது.

நாங்கள் கேள்வி கேட்டபடி இருந்தோம். என்ன தின்னும், எத்தனை குட்டி போடும். எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று கேட்க வாயெடுத்த செயலாளர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இருபத்தேழாவது படத்தில் வெறும் தண்ணீர். சாம்பல் நிறம். ஒரு பனிக்கட்டிகூட இல்லை.

அவர் அடுத்த படத்துக்குப் போகவில்லை. இந்த முறை நாங்கள் கேள்வி கேட்கவில்லை.

போன வாரம்தான் குழுவில் சேர்ந்த பெண் முன்வரிசையிலிருந்து கேட்டாள்: "இதுல என்ன மிருகம் சார்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

அவள்மேல் தப்பில்லை. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"மிருகம் இல்லம்மா" என்றார். "எம் பொண்ணு ஓட்டின ரப்பர் படகு கவுந்தது இங்கதான். எனக்காக இருபது நிமிஷம் கப்பலை நிறுத்தினாங்க."

எட்டு வருடம் எங்களை மலைமேல் கூட்டிப்போனவள் அவர் மகள். பயணிகளைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் வேலைக்கு அங்கே போனாள். போன வருடம், காற்று திடீரென்று திசைமாறிய ஒரு மதியம், படகிலிருந்த ஒன்பது பயணிகளையும் மீட்டார்கள். அவள் மட்டும் கிடைக்கவில்லை.

அவர் பொத்தானை அழுத்தினார்.

அடுத்த படத்திலும் தண்ணீர். அதற்கடுத்ததிலும்.

அந்த இருபது நிமிடமும் அவர் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லாம் அதே சாம்பல் நிறம். ஒன்றில் மட்டும் அலை கொஞ்சம் உயரமாக இருந்தது.

அவர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

நாங்கள் ஒவ்வொன்றிலும் தேடினோம்.