ரெண்டு லிட்டர் சண்டை

“ஐம்பத்தெட்டு வயசுல ஒரு மனுஷன் செய்யற வேலையா இது?”

அவள் தட்டை வைத்த வேகத்தில் ஸ்பூன் துள்ளிக் கீழே விழுந்தது.

கணவர் அசரவில்லை. நோட்டில் நடுக்கோடு போட்டு, ஒரு பக்கம் 1.8 என்றும் மறுபக்கம் 2.0 என்றும் எழுதினார்.

“இங்க பாரு, ஒண்ணு புள்ளி எட்டு லிட்டர் இன்ஜின்னா வேலை சுலபம். ஆனா ரெண்டு லிட்டர் போட்டோம்னு வை, மேட்டுல கூட மூணாவது கியர்லயே பறக்கும்!”

“பறந்து எங்க போகப் போறீங்க? காய்கறிக் கடைக்கா?”

இருபத்திரண்டு வயசான சிவப்புக் கார் அது. குட்டி வண்டிதான். ஆனால் வாங்கின புதிதில் பெரிய பெரிய கார்களுக்கெல்லாம் தண்ணி காட்டியிருக்கிறது. மூன்று மாதம் முன்பு புகை கக்கிப் படுத்துவிட்டது. பழைய இன்ஜினையே பழுது பார்த்தால் போதும் என்றாள் அவள். வேறொரு பெரிய காரின் இன்ஜினைக் கொண்டுவந்து இதில் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் அவர்.

அன்று பிடித்த சண்டை. காலையில் ஏழு மணிக்கு ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம்.

“முன்பக்கம் அவ்வளவு கனத்தைத் தூக்கி வச்சா வளைவுல திரும்புமா? இருக்கிற பிரேக் தாங்குமா?”

“அட, பிரேக் வரைக்கும் வந்துட்டியா!”

“வராம? காது புளிச்சுப்போற அளவுக்குக் கேட்டாச்சே!”

“அப்ப ரெண்டு லிட்டரே முடிவு பண்ணிடறேன்” என்று பேனாவை மூடினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரிடம் பேசிப் புண்ணியமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள்.

மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்தபடி, “வாங்கம்மா, சார் வரலையா?” என்றார்.

“அவர் வராத நேரமாப் பார்த்துதான் வந்தேன். தம்பி, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அந்த ரெண்டு லிட்டர் இன்ஜின் இந்த வண்டிக்குப் பொருந்தாதுன்னு அவர்கிட்ட ஒரு பொய் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பார்.”

“பொய் எதுக்கும்மா? நிஜமாவே பொருந்தாது. நாலு விரல் நீளம் அதிகம். உள்ளே வைக்கணும்னா பக்கத்துத் தகட்டை அறுக்கணும். அறுத்தா வண்டியோட எலும்பே போச்சு. முதல் நாளே சொல்லிட்டேனே.”

“யார்கிட்ட?”

“சார்கிட்டதான்.”

அவள் திகைத்துப் போனாள்.

“அப்ப வண்டி?”

மெக்கானிக் தயங்கினார். பிறகு மூலையில் இருந்த தார்ப்பாயை விலக்கி, சிவப்புக் காருக்குள் கைவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே இழுப்பில் உயிர் பெற்றது.

“பழைய இன்ஜின்தான். வேலை முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு.”

“என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையில மிளகாய் அரைக்கிறீங்களா?” அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அப்புறம் எதுக்கு அந்த மனுஷன் வாராவாரம் இங்க வந்து உக்காந்துட்டுப் போறார்?”

“குறிப்பு எடுக்கத்தாம்மா. ‘அடுத்த வாரம் எதைச் சொன்னா அவ கத்துவா?’ன்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போவார்.”

“என்னது?”

மெக்கானிக் இன்ஜினை அணைத்தார்.

“சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது... உங்க தங்கச்சி தவறினதுக்கப்புறம் நீங்க பேச்சையே விட்டுட்டீங்களாம். ‘ம்’, ‘சரி’, ‘வேண்டாம்’... நாள் பூரா அவ்வளவுதானாம். டாக்டர் சொல்லியும் சரி, சொந்தக்காரங்க வந்து பேசியும் சரி, ஒண்ணும் நடக்கலையாம். ஒரு நாள் சார் ஏதோ வாய்க்கு வந்தபடி ‘ரெண்டு லிட்டர் இன்ஜின் போடப் போறேன்’னாராம். நீங்க எழுந்து நின்னு முழுசாக் கால் மணி நேரம் திட்டினீங்களாம். அன்னிக்கே இங்க ஓடி வந்தார். ‘எத்தனை நாளுக்கப்புறம் அவ குரலைக் கேட்டேன் தெரியுமா? பொருந்தாதுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதப்பா’ன்னார்.”

அவள் பக்கத்திலிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தினம் காலை ஏழு மணிக்குத் தங்கையின் போன் வரும். ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதில் முக்கால் மணி நேரம் சண்டைதான். தங்கை போன பிறகு ஒன்றரை வருஷம் அந்த ஏழு மணியை எதைப் போட்டு நிரப்புவதென்று தெரியாமல்தான் அவள் வாயடைத்துக் கிடந்தாள்.

இந்த மூன்று மாதமாக ஏழு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

“வண்டியை எடுத்துக்கிட்டுப் போறீங்களாம்மா?”

“வேண்டாம், மூடி வைங்க. நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

வீட்டில் கணவர் இன்னும் நோட்டும் கையுமாகத்தான் இருந்தார்.

“எங்க போயிட்டு வர்றே?”

“கடைத்தெருவுக்கு.” முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்ன, ரெண்டு லிட்டர்தான்னு முடிவே பண்ணியாச்சா?”

அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். “ஆமா. கூடவே ஒரு டர்போவும் போட்டுடலாமான்னு பார்க்கறேன்.”

“டர்போவா?” அவள் குரல் தெருமுனை வரை போனது. “முதல்ல அப்படின்னா என்னன்னு ஒழுங்காச் சொல்லுங்க. திட்டறதுக்கு விஷயம் தெரிய வேண்டாமா?”