கட்டுப் போட்ட கை

"கொஞ்சம் பொறுத்துக்கோ தம்பி, இதோ ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே சார்ஜென்ட் அந்த அரைக் காலைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேனின் பின்கதவு திறந்திருந்தது. வெளியே மைல்கல்லில் சாய்ந்து நின்றது சைக்கிள்.

"வலியே இல்லண்ணே. முட்டிக்குப் பின்பக்கம்தான் ஆபரேஷன்லயே மரத்துப்போச்சே," என்றார் எலக்ட்ரீஷியன். "புண்ணு எப்படி இருக்கு?"

"புண்ணா? எங்க இருக்கு புண்ணு? வேர்வையில தோல் லேசாச் செவந்திருக்கு, அவ்வளவுதான்."

காயம்பட்ட சிப்பாய்களுக்குச் செயற்கைக் கால் வாங்கித் தர நிதி திரட்டிப் பன்னிரண்டு நாள் சைக்கிள் பயணம். அன்று எட்டாம் நாள். ஓட்டுகிற எலக்ட்ரீஷியனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது, செயற்கைக் காலை மாட்டித்தான் மிதிக்கிறார். துணைக்கு வேனில் வருகிற சார்ஜென்டுக்கோ, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் அடுத்தவர் காயத்துக்குக் கட்டுப் போட்ட கை. அவர் இடுப்புக்குள் இன்னமும் ஒரு குண்டுச் சில்லு கிடக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

கிளம்பும்போதே டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். "மிச்சமிருக்கிற முட்டிதான்யா உன் சொத்து. அது இருக்கிற வரைக்கும்தான் சைக்கிள், ஏணி, வேலை எல்லாம். காலையும் ராத்திரியும் கண்ணாடி வச்சுப் பின்பக்கத்தப் பாரு. சின்னக் கொப்புளம் வந்தாலும் சைக்கிள விட்டு எறங்கிடு."

அந்தக் கைக்கண்ணாடி ஆறாம் நாள் சார்ஜென்டின் பூட்ஸுக்கடியில் சிக்கி நொறுங்கிப்போனது. "அட, நான் இருக்கேன்ல, கண்ணாடி எதுக்கு?" என்றார் அவர். அதுவும் சரிதான் என்று எலக்ட்ரீஷியன் வேறு கண்ணாடி வாங்கவில்லை.

கால் போன கதை ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மூக்கு முட்டக் குடித்துவிட்டுப் பைக்கை லாரிக்கடியில் கொண்டுபோய் விட்ட கதை. ஆனால் முதல் நாளே ஒரு அம்மாள், "எந்தச் சண்டையில போச்சுப்பா?" என்று கண்கலங்கக் கேட்டபோது இவர் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வேறொருவர் "சண்டையிலயா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஐந்தாம் நாள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கண்ணிவெடி, புகை, தோளில் சுமந்து வந்த நண்பன் என்று மனுஷன் அவிழ்த்துவிட்டார் பாருங்கள், கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று சல்யூட் அடித்தது! சார்ஜென்ட் ஓரமாகத் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடையை விட்டு இறங்கியதும் எலக்ட்ரீஷியனுக்கு உறுத்தியது. "தப்பா எடுத்துக்கலையேண்ணே?"

"இதுல தப்பா எடுக்க என்னப்பா இருக்கு? எங்க பசங்களுக்குத்தானே கால் வரப்போவுது," என்று முதுகில் தட்டிக்கொடுத்தார் சார்ஜென்ட். என்ன பெரிய மனசு இந்த மனுஷனுக்கு என்று எலக்ட்ரீஷியன் நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த ஊர் மேடையிலும் அவர் கண்ணிவெடிக் கதையை விடவில்லை.

பத்தாம் நாள் எலக்ட்ரீஷியனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பயணத்தை ஏற்பாடு செய்த மேடம் வேனுக்குள் எட்டிப்பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்னங்க ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

"ஈரத் துணி மேடம், காயப்போடணும்." கழற்றிய பஞ்சையும் துணியையும் ஒரு பைக்குள் திணித்து இறுக்க முடிச்சுப் போட்டார் சார்ஜென்ட். அந்தக் குப்பையைக்கூட அவர் வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

"வேணும்னா இன்னைக்கு நிறுத்திக்கலாம். ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போவோமே?"

"இந்தக் கை பாக்காத காலா மேடம்? வெயில் காய்ச்சல்தான். ரெண்டு மாத்திரை போட்டா ஓடிரும்."

"அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்று எலக்ட்ரீஷியன் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறினார்.

பன்னிரண்டாம் நாள் சிப்பாய்கள் இல்லத்து வாசலில் ஒரே கைதட்டல். சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள்கூடக் கை உயர்த்திச் சல்யூட் வைத்தார்கள். பதிலுக்குக் கையைத் தூக்கிய எலக்ட்ரீஷியன் அப்படியே சைக்கிளோடு சரிந்தார்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். போர்வையின் இடது பக்கம் தொடைக்குக் கீழே தட்டையாகப் படிந்து கிடந்தது.

"முட்டிக்கு மேல எடுக்க வேண்டியதாப் போச்சு," என்றார் அறுவை மருத்துவர். "குறைஞ்சது அஞ்சாறு நாளாச் சீழ் கோத்திருக்கு. நாலு நாள் முன்னாடி வந்திருந்தாக்கூட முட்டியக் காப்பாத்தியிருக்கலாம். தினமும் கட்டுப் பிரிச்சவங்க கண்ணுல இது படாம இருக்க வாய்ப்பே இல்லையே?"

அவர் போனதும் சார்ஜென்ட் உள்ளே வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வையின் சுருக்கத்தை மெதுவாக நீவிவிட்டார்.

எலக்ட்ரீஷியனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் பொழப்பே போச்சேண்ணே! இனிமே எப்படி ஏணி ஏறுவேன்? நீங்க... நீங்க தினமும் பாத்தீங்களேண்ணே!"

"பாத்தேன்."

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

சார்ஜென்ட் அவர் கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

"இனிமே யாரு கேட்டாலும் கூசாமச் சொல்லு தம்பி, பட்டாளத்துக்காகப் போன கால்னு."