பலகை அடித்த கதவு

ஓய்வு பெற்ற காசில் நான் கட்டிய வீட்டைப் பார்த்தால் புயலே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தெருவுக்குள் வரும். வாசல் கதவுகூட வெளிப்பக்கம் திறப்பது. காற்று தள்ளத் தள்ள இறுகுமே தவிர, பெயர்ந்து விழாது. புயலன்று ஜன்னல்களுக்கெல்லாம் வெளியிலிருந்து பலகை அடித்துவிட்டு, உள்ளே வந்து தாழிட்டேன். காற்று ஊரையே மென்று துப்பியது. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை.

காலையில் எல்லாம் ஓய்ந்தது. தாழை நீக்கித் தள்ளினேன். கதவு அசையவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தால், வெளியே கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது.

"வாசலையும் சேத்து அடிச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"உள்ள இருந்துக்கிட்டு வெளிய ஆணி அடிக்க என் கை என்ன தும்பிக்கையா?"

அப்போது வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டது. இருவரும் கதவைப் படபடவென்று தட்டினோம்.

"சார், உள்ள யாரோ தட்டுறாங்க போலிருக்கே," என்று அவர் யாரிடமோ சொன்னார்.

"காத்துதான் தம்பி," என்றது வெளியே என் குரல், என் சிரிப்போடு. "பாதிப் புயல் உள்ளயே மாட்டிக்கிச்சு. இன்னும் ரெண்டு பலகை இருந்தா குடுங்க."

சுத்தியல் சத்தம் தொடங்கியது. மனைவி தட்டுவதை நிறுத்தினாள். என்னையே பார்த்தபடி, மெல்ல அறையின் மறுகோடிக்கு நகர்ந்தாள்.