முதல் கரண்டி

"நல்லா இருக்கு போ! வயசானவங்க தட்டைத் தூக்கிட்டு வராங்க, நீ கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கியா?"

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே பக்கத்து வீட்டு மிலுன்கா கேட்டாள். நெவென்கா பதறி எழுந்தாள். அவள் கால் மேல் கால் ஒன்றும் போடவில்லை. நாற்காலி நுனியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாத. நான்தான் உட்காரச் சொன்னேன்" என்றாள் தட்டோடு வந்த நெவென்காவின் மாமியார் விதோசாவா. "நீயும் இருக்கணும்னுதான் கூப்பிட்டனுப்பினேன். வா, வந்து உட்காரு."

தட்டில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஸ்லாத்கோ என்னும் பழப்பாகு, சின்னச் சின்ன வெள்ளிக் கரண்டிகள், டம்ளர்களில் தண்ணீர்.

ஸ்லாத்கோ காய்ச்சியது நெவென்காதான். நேற்று விடிவதற்குள் மலையேறி, முதுகு ஒடியக் குனிந்து, காட்டு ஸ்ட்ராபெர்ரிகளை ஒவ்வொன்றாகப் பறித்தாள். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும் அந்தப் பழம். வாளி நிறைவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. பாகு கம்பிப் பதம் வந்ததும் பழத்தைப் போட்டு, கரண்டியே போடாமல் பாத்திரத்தைக் குலுக்கிக் குலுக்கி எடுத்தாள். கரண்டி பட்டால் பழம் உடையும். உடைந்தால் விதோசாவாவின் வாய் சும்மா இருக்காது.

"போன வருஷம் கூழ் காய்ச்சி வச்ச. இந்த வருஷமாவது பழம் கண்ணுக்குத் தெரியட்டும்" என்று நேற்றுகூட அடுப்படியில் நின்று முணுமுணுத்தவள்தானே!

பழம் நன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இந்தத் தட்டுதான் வரும். பாதிரியாரானாலும் சரி, மீட்டர் பார்க்க வருகிறவனானாலும் சரி. ஒரு கரண்டி இனிப்பு, ஒரு வாய்த் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தத் தட்டை ஏந்துவது நெவென்காவின் வேலை. அவளுக்கு யாரும் ஏந்தியதில்லை. பாத்திரத்தில் பொங்கும் நுரையை வழித்து ரொட்டியில் தடவிக்கொள்வாள், அதுதான் அவள் பங்கு.

புருஷன் ராதோவான் இறந்து போன பிறகு, "பிள்ளை குட்டியும் இல்ல, உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடேன்" என்று பலரும் சொன்னார்கள். அவள் போகவில்லை. இதுதான் என் வீடு என்று மாடு கறந்து, மாமியாரின் மூட்டுக்குத் தைலம் தேய்த்து, இங்கேயே கிடந்தாள். ஒரு நல்ல வார்த்தைக்குத்தான் பஞ்சம்.

இன்றைக்கு அந்தக் கிழவிக்கு என்ன வந்ததோ! "ஏப்ரனைக் கழட்டிட்டு முன் ரூம்ல போய் உட்காரும்மா" என்றாள். உட்காரும்மா!

"எடுத்துக்கோம்மா. முதல் கரண்டி உனக்குத்தான்."

"ஐயோ, மிலுன்கா அக்காவுக்குக் கொடுங்கம்மா முதல்ல."

"உனக்குத்தான்கிறேன். எடு."

நெவென்கா எடுத்து வாயில் வைத்தாள். தான் காய்ச்சியது இவ்வளவு ருசியா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"என் மாமியாரும் எனக்காகத் தட்டைத் தூக்கியிருக்கா. ஆனா என் மேல விட்டெறியறதுக்கு!" என்று மிலுன்கா சிரித்தாள். "அக்கா, மருமகளைக் கசக்கிப் பிழியறேன்னு உன்னைப் பத்தி ஊர்ல கண்டபடி பேசறாங்க. வரட்டும், அவங்க வாயை நான் அடைக்கிறேன்."

"நீயே சொல்லு. கண்ணால பாத்தியில்ல?"

நெவென்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் மாமியாரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஏதாவது பதிலுக்குச் செய்ய வேண்டும் போல் துடித்தது மனசு.

"அடுத்த வாரம் தோட்டத்து ராஸ்பெர்ரி பழுத்துடும்மா. அதையும் பறிச்சுக் காய்ச்சிடறேன்."

"அதை பிலியானா பாத்துப்பா."

பிலியானா, விதோசாவாவின் மகள். பெல்கிரேடில் இருக்கிறாள். ராதோவானின் அடக்கத்துக்கு வந்ததோடு சரி.

"அண்ணி வராங்களா? எத்தனை நாளைக்கும்மா?"

"இங்கேயே வந்துடறா. புருஷன், பிள்ளைங்க எல்லாரும்தான். சனிக்கிழமை சாமான் வந்து இறங்குது. உன் ரூம்தான் அவங்களுக்கு வசதிப்படும்."

நெவென்கா கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அப்போ... நான்?"

"உங்க அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். இன்னிக்குச் சாயங்காலமே வண்டி எடுத்துட்டு வரேன்னார். உன்கிட்ட நேத்தே சொல்லியிருப்பேன். சொன்னா உன் மனசு வேலையில நிக்காது, பாகு பதம் தப்பிடும்னுதான் சொல்லல."

மிலுன்கா அவசரமாகத் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள். அடைக்கப் போவதாகச் சொன்ன வாய்களில் முதலில் அடைத்தது அவள் வாய்தான்.

விதோசாவா கிண்ணத்தை நெவென்காவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். குரலில் அத்தனை கனிவு.

"இன்னொரு கரண்டி எடுத்துக்கோம்மா. வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சரியா கவனிக்காம அனுப்பிட்டோம்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாரு."